மனித வைரஸ்களை அட்டவணைப்படுத்தும்போது எதை முதலில் வைப்பது: குடும்பமா, மரபணுத்தொகுதியா, பரவும் வழியா, நோயா?

கேள்வி
பதிவிட்டவர்: நுண்ணோக்கி

வணக்கம். மருத்துவ நுண்ணுயிரியல் பயிலும் நாங்கள் சிலர் சேர்ந்து, மனிதரைத் தாக்கும் முக்கியமான வைரஸ்களை ஒரே அட்டவணைக்குள் கொண்டுவர முயன்று வருகிறோம். குடும்பம், மரபணுத்தொகுதி, பரவும் வழி, உண்டாக்கும் நோய் என்று நான்கு பத்திகளை வரைந்துகொண்டு, பாடநூல்களின் துணையோடு ஒவ்வொரு வைரஸாக நிரப்பி வருகிறோம். ஆனால் நிரப்ப நிரப்பக் குழப்பமே கூடுகிறது.

முதல் சிக்கல் ஹெபடைடிஸ் வரிசை. ஏ, பி, சி, டி, இ என்று அடுத்தடுத்த எழுத்துகளைப் பெற்றிருக்கும் இந்த ஐந்தும் நெருங்கிய உறவினராக இருக்கும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பார்கள். ஆனால் அவை ஐந்து வெவ்வேறு குடும்பங்களில் இருக்கின்றன. நோயை வைத்து அடுக்கினால் ஒன்றாக வருகின்றன. குடும்பத்தை வைத்து அடுக்கினால் சிதறிப்போகின்றன. டெங்குவும் சிக்குன்குனியாவும் இப்படித்தான்: இரண்டையும் ஏடிஸ் கொசுவே பரப்புகிறது, இரண்டும் காய்ச்சலோடும் உடல்வலியோடும் தொடங்குகின்றன, குடும்பம் மட்டும் வேறாக இருக்கிறது.

இரண்டாவதாக, மரபணுத்தொகுதிப் பத்தியில் "நேர் இழை ஆர்.என்.ஏ", "எதிர் இழை ஆர்.என்.ஏ" என்று எழுதுகிறோம். இது தேர்வுக்காக மனப்பாடம் செய்யவேண்டிய விவரம் மட்டும்தானா, அல்லது அந்த வைரஸின் நடத்தையைப் பற்றி உண்மையிலேயே எதையாவது சொல்கிறதா? மூன்றாவதாக, மரபணுத்தொகுதி தெரிந்தால் பரவும் வழியை ஊகிக்க முடியுமா? எந்தப் பத்தியை அடிப்படையாகக் கொண்டு அட்டவணையை அடுக்கலாம் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.


மறுமொழி 1
பதிவிட்டவர்: ஈரிழை

உங்கள் நான்கு பத்திகளும் ஒரே தன்மை உடையவை அல்ல என்பதை ஏற்றுக்கொண்டால் குழப்பத்தின் பெரும்பகுதி நீங்கிவிடும். குடும்பமும் மரபணுத்தொகுதியும் வைரஸ் எது, எதிலிருந்து வந்தது என்பதைச் சொல்கின்றன. பரவும் வழியும் நோயும் அந்த வைரஸுக்கும் மனித உடலுக்கும் இடையே நடப்பதைச் சொல்கின்றன. முதல் இரண்டும் வைரஸின் இயல்புகள்; பின் இரண்டும் ஓர் உறவின் விளைவுகள். ஆகவே அடுக்குவதற்கு முதல் இரண்டையே பயன்படுத்த வேண்டும் என்பது, பல ஆண்டுகள் இப்பாடத்தை நடத்தியதில் நான் உறுதியாக வந்தடைந்த கருத்து.

வரலாறும் இந்தத் திசையில்தான் நகர்ந்திருக்கிறது. தொடக்கத்தில் வைரஸ்களை அவை தரும் நோயையோ தாக்கும் உறுப்பையோ கொண்டுதான் பிரித்தார்கள். வேறு எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. எலக்ட்ரான் நுண்ணோக்கியும் உயிர்வேதியியலும் வளர்ந்தபின், 1962இல் லுவோஃப், ஹோர்ன், துர்னியே ஆகிய மூவரும் நியூக்ளிக் அமிலத்தின் வகை, புரதக் கூட்டின் சமச்சீர், வெளியுறை உண்டா இல்லையா ஆகியவற்றை அளவுகோலாகக் கொள்ளும் முறையை முன்வைத்தார்கள். 1966இல் மாஸ்கோவில் நடந்த பன்னாட்டு நுண்ணுயிரியல் மாநாட்டில் வைரஸ்களுக்குப் பெயரிடுவதற்கான பன்னாட்டுக் குழு அமைந்தது. இன்று வகைப்பாட்டுக் குழு என்று அறியப்படுவது அதுவே. 1971இல் டேவிட் பால்டிமோர், மரபணுத்தொகுதியிலிருந்து தூது ஆர்.என்.ஏ எப்படிப் பிறக்கிறது என்ற ஒரே கேள்வியை வைத்து எல்லா வைரஸ்களையும் ஆறு வகுப்புகளாகப் பிரித்தார். ஏழாவது வகுப்பு பின்னர் சேர்ந்தது.

அந்த ஒரே கேள்விக்கு எவ்வளவு விளக்கும் ஆற்றல் இருக்கிறது என்பதை உங்கள் இரண்டாவது ஐயத்தைக் கொண்டே பார்க்கலாம். புரதத்தை உருவாக்கும் ரைபோசோம் நம் செல்லினுடையது. அதற்குப் புரிவது தூது ஆர்.என்.ஏ மட்டுமே. நேர் இழை ஆர்.என்.ஏ வைரஸின் மரபணுத்தொகுதி தானே தூது ஆர்.என்.ஏவாக வேலை செய்யும். போலியோ வைரஸின் புரதக் கூட்டை நீக்கிவிட்டு, தூய ஆர்.என்.ஏவை மட்டும் செல்லுக்குள் செலுத்தினாலும் புதிய வைரஸ்கள் உருவாகும். எதிர் இழை வைரஸில் இது நடக்காது. தட்டம்மை வைரஸின் ஆர்.என்.ஏவை மட்டும் செலுத்தினால் ரைபோசோமால் அதைப் படிக்க முடியாது. அதற்கு எதிரான இழையை முதலில் எழுதவேண்டும், ஆர்.என்.ஏவைப் பார்த்து ஆர்.என்.ஏ எழுதும் அந்தப் பணிக்கு ஏற்ற நொதியைச் செல் இந்த வைரஸுக்கு அளிப்பதில்லை. அதனால்தான் தட்டம்மை, இன்ஃபுளுவென்சா, ரேபிஸ், எபோலா என எல்லா எதிர் இழை வைரஸ்களும் தங்கள் பாலிமரேஸ் நொதியைத் துகளுக்குள்ளேயே சுமந்துகொண்டு வருகின்றன. "எதிர் இழை" என்று பத்தியில் எழுதும்போது, "நொதியை உடன் கொண்டுவரும்" என்பதையும் சேர்த்தே எழுதுகிறீர்கள்.

ஈரிழை ஆர்.என்.ஏ உடைய ரோட்டா வைரஸும் நொதியைச் சுமக்கிறது. ஆனால் அங்கே இன்னொரு காரணமும் உண்டு: ஈரிழை ஆர்.என்.ஏ செல்லின் உள்ளே வெளிப்பட்டால் உடலின் எதிர்ப்பு உணரிகள் உடனே விழித்துக்கொள்ளும் என்பதால், தன் 11 துண்டுகளையும் உள்கூட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டு படியெடுத்து, தூது ஆர்.என்.ஏவை மட்டும் வெளியே அனுப்புகிறது.

துண்டுகளாக இருப்பதையும் அட்டவணையில் குறியுங்கள். இன்ஃபுளுவென்சா ஏ வைரஸுக்கு எட்டு ஆர்.என்.ஏ துண்டுகள் உண்டு. இரண்டு வேறு வைரஸ்கள் ஒரே செல்லில் புகுந்தால் இந்தத் துண்டுகள் கலந்து, இதுவரை மனிதரின் நோய்த்தடுப்பாற்றல் காணாத புதிய சேர்க்கை உருவாகலாம். 1957, 1968 ஆண்டுகளின் உலகப் பரவல்கள் பறவை வைரஸின் துண்டுகள் மனித வைரஸோடு கலந்ததால் எழுந்தவை. துண்டில்லாத தட்டம்மை வைரஸுக்கு அந்த வழி இல்லை. தட்டம்மைக்குப் பல்லாண்டுகளாக ஏறக்குறைய அதே தடுப்பூசி போதுமானதாக இருப்பதற்கு இது ஒரு காரணம் என்றாலும், அதன் வெளிப்புரதங்கள் மாற்றத்தைத் தாங்காதவை என்பதே முதன்மைக் காரணம்.

டி.என்.ஏ வைரஸ்கள் பெரும்பாலும் உட்கருவுக்குள் பெருகும், ஆர்.என்.ஏ வைரஸ்கள் சைட்டோபிளாசத்தில் பெருகும் என்று ஒரு வரி எழுதிக்கொண்டு, விலக்குகளை அதன் கீழே குறித்துவிடுங்கள். பெரியம்மை வைரஸ் அடங்கிய பாக்ஸ் குடும்பம், டி.என்.ஏ குடும்பமாயினும், தனக்கு வேண்டிய நொதிகளின் மரபணுக்களை ஏறத்தாழ 2 லட்சம் கார இணைகள் (டி.என்.ஏவின் எழுத்து இணைகள்) நீளமுள்ள தன் மரபணுத்தொகுதியிலேயே வைத்திருப்பதால் உட்கருவை நாடுவதில்லை. இன்ஃபுளுவென்சா, ஆர்.என்.ஏ வைரஸாயினும், செல்லின் தூது ஆர்.என்.ஏக்களின் முனையை வெட்டி எடுத்துத் தன் படியெடுப்பைத் தொடங்குவதால் உட்கருவுக்குள் செல்கிறது.


மறுமொழி 2
பதிவிட்டவர்: தொற்றுநோய்ப் பிரிவு

மேலே சொல்லப்பட்ட அடுக்குமுறையை நானும் ஏற்கிறேன். பரவும் வழியைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் மருத்துவமனையில் முதலில் எழும் கேள்வி அதுதான்.

மரபணுத்தொகுதியைக் கொண்டு பரவும் வழியை ஊகிக்க முடியாது. நேர் இழை ஆர்.என்.ஏ உள்ள வைரஸ்களை மட்டும் பாருங்கள்: போலியோ வாய்வழியாகவும், டெங்கு கொசுவாலும், ஹெபடைடிஸ் சி இரத்தத்தாலும், கொரோனா வைரஸ்கள் மூச்சுக்காற்றாலும் பரவுகின்றன. ஓரளவுக்கு ஊகிக்க உதவுவது உறை. செல்லிலிருந்து வெளியேறும்போது சில வைரஸ்கள் கொழுப்புப் படலம் ஒன்றைப் போர்த்திக்கொள்கின்றன. இரைப்பையின் அமிலமும் பித்த உப்புகளும் அந்தக் கொழுப்புப் படலத்தைக் குலைத்துவிடும். உலர்ந்தாலும் சோப்பு பட்டாலும் அது சிதையும். ஆகவே குடல் வழியாக நுழையும் வைரஸ்கள் பெரும்பாலும் உறையற்றவை. இந்த ஒரு பண்பு உங்கள் ஹெபடைடிஸ் வரிசையைத் தெளிவாக இரண்டாகப் பிரித்துவிடும். ஏ, இ இரண்டும் மலத்தில் உறையின்றி வெளியேறி, மாசுபட்ட நீராலும் உணவாலும் பரவுகின்றன. பி, சி, டி மூன்றும் உறையுடையவை. இரத்தம், உடலுறவு, தாயிடமிருந்து குழந்தைக்கு என்ற வழிகளில் பரவுகின்றன, நாட்பட்ட தொற்றாக நிலைப்பதும் இந்த மூன்றுமே. எதிர்ப்பாற்றல் குன்றியவர்களிடம் இ வைரஸும் நாட்படலாம். கர்ப்பிணிகளுக்கு, குறிப்பாகக் கடைசி மும்மாதத்தில், அது உயிருக்கே ஆபத்தாக முடியக்கூடும் என்பதையும் நோய்ப் பத்தியில் தவறாமல் எழுதுங்கள்.

கைகளைத் தூய்மைப்படுத்துவதிலும் உறை முக்கியமானது. இன்ஃபுளுவென்சாவுக்கும் கொரோனாவுக்கும் ஆல்கஹால் கலந்த கைத்திரவம் நன்றாக வேலை செய்கிறது. உறையற்ற நோரோ வைரஸை அது அந்த அளவுக்கு அழிப்பதில்லை. வாந்தியும் வயிற்றுப்போக்கும் பரவும் வார்டில் சோப்பும் நீரும் கொண்டு கழுவ வேண்டும் என்று வற்புறுத்துவது இதனால்தான்.

உறை விதிக்கும் எல்லை உண்டு. பாக்ஸ் வைரஸ்கள் உறையுடையவை என்றாலும் உலர்ந்த பொருக்கில் நெடுநாள் தாங்குகின்றன. உறையற்ற பாப்பிலோமா வைரஸ் குடல் வழியாகப் பரவுவதில்லை. தோலும் சவ்வும் நேரடியாகத் தொடுவதால் பரவுகிறது. குடும்பத்துக்குள்ளேயே மாறுபாடு உண்டு என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு ரைனோ வைரஸ். அதுவும் போலியோவும் ஒரே பிக்கோர்னா குடும்பத்தில், அதிலும் என்டெரோவைரஸ் என்ற ஒரே பேரினத்தில் இருக்கின்றன. ஆனால் ரைனோ அமிலத்தில் சிதைந்துவிடும். உடலின் உள்வெப்பத்தைவிட மூக்கின் 33 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையே அதற்கு ஏற்றது. அதனால் அது மூக்கோடு நின்று சளிபிடிக்கச் செய்கிறது. அமிலத்தைத் தாங்கும் போலியோ குடலில் பெருகி, சிலரிடம் நரம்பு மண்டலத்தை எட்டி இளம்பிள்ளை வாதத்தை உண்டாக்குகிறது.

பரவும் வழிக்கு ஒற்றைச் சொல் போதாது என்பதையும் கவனியுங்கள். "கொசு" என்று மட்டும் எழுதினால் ஜிகா வைரஸ் உடலுறவாலும் தாயிடமிருந்து கருவுக்கும் பரவுவது விடுபடும். நிபா வைரஸுக்குப் பழந்தின்னி வௌவால் இயற்கை இருப்பிடம். பன்றி வழியாகவும், வௌவாலால் மாசுபட்ட உணவு வழியாகவும், நோயாளியிடமிருந்து பராமரிப்பவருக்கும் அது தொற்றியிருக்கிறது. ஹான்டா வைரஸ்கள், கிரிமியன் காங்கோ காய்ச்சல் வைரஸ், ரிஃப்ட் பள்ளத்தாக்குக் காய்ச்சல் வைரஸ் ஆகியவை உறவினர்கள். இருந்தும் முதலாவது கொறிணிகளின் கழிவுத் தூசியாலும், இரண்டாவது முக்கியமாக உண்ணியாலும், மூன்றாவது கொசுவாலும் நோயுற்ற கால்நடைகளைக் கையாள்வதாலும் பரவுகின்றன. எனவே இயற்கை இருப்பிடம், கடத்தும் உயிரி, மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவுமா என்று மூன்று சிறு பத்திகளாகப் பிரித்துக்கொள்வது நல்லது.

நோய்ப் பத்தியிலும் ஒன்றுக்கு ஒன்று என்ற பொருத்தம் கிடையாது. ஒரே வைரஸ் முதலில் சின்னம்மையைத் தந்து, நரம்பு முடிச்சுகளில் உறங்கி, பல்லாண்டுகள் கழித்து அக்கியாக எழுகிறது. எப்ஸ்டைன்-பார் வைரஸ் இளைஞரிடம் சுரப்பிக் காய்ச்சலையும், வேறு சூழலில் பர்க்கிட் நிணநீர்ப் புற்றையும், மூக்குத்தொண்டைப் புற்றையும் உண்டாக்குகிறது. மறுபுறம், வயிற்றுப்போக்கு என்ற ஒரே நோய்க்கு ரோட்டா, நோரோ, ஆஸ்ட்ரோ, அடினோ 40, 41 ஆகிய வேறு வேறு குடும்பங்களின் வைரஸ்கள் காரணமாகின்றன. மனிதரில் புற்றை உண்டாக்குபவை என்று ஏற்கப்பட்ட ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, பாப்பிலோமா, எப்ஸ்டைன்-பார், கபோசி சார்கோமா ஹெர்பிஸ் வைரஸ், எச்.டி.எல்.வி-1 (மனித டி-செல் இரத்தப்புற்று வைரஸ்), மெர்க்கல் செல் பாலியோமா ஆகிய ஏழும் ஆறு குடும்பங்களில் பரவிக் கிடக்கின்றன. நோயின் பெயரிலிருந்து வைரஸைத் தேட இரண்டாவது அட்டவணை ஒன்றைத் தனியே அமையுங்கள். நோயாளி குடும்பப் பெயரோடு வருவதில்லை. காய்ச்சலோடும் மஞ்சள் காமாலையோடும்தான் வருகிறார்.


கேள்வி கேட்டவரின் தொடர்ச்சி
பதிவிட்டவர்: நுண்ணோக்கி

இருவருக்கும் மிக்க நன்றி. உறை என்ற பத்தியை நாங்கள் எண்ணியே பார்க்கவில்லை, இப்போது சேர்த்துவிட்டோம். இன்னும் இரண்டு ஐயங்கள் மீதம் இருக்கின்றன. ஹெபடைடிஸ் பி டி.என்.ஏ வைரஸ் என்றால் அதை ஹெர்பிஸ், அடினோ ஆகியவற்றின் அருகில் வைக்காமல் ஏன் தனி வகுப்பு கொடுக்கிறார்கள்? அடுத்து, ஒரு நூலில் ருபெல்லா டோகாவிரிடே குடும்பத்திலும் மற்றொன்றில் மட்டோனாவிரிடே குடும்பத்திலும் இருக்கிறது. குழந்தைகளின் சுவாசக் குழாயைத் தாக்கும் ஆர்.எஸ்.வி வைரஸுக்கும் இதே நிலை. எதைப் பின்பற்றுவது?


மறுமொழி 3
பதிவிட்டவர்: மூலக்கூறு ஆய்வகம்

ஹெபடைடிஸ் பி பற்றிய கேள்விக்கு விடை, துகளுக்குள் இருப்பது எது என்பதில் இல்லை. அது எப்படிப் படியெடுக்கப்படுகிறது என்பதில் இருக்கிறது. ஏறத்தாழ 3,200 கார இணைகள் கொண்ட அதன் வட்ட டி.என்.ஏவில் ஓர் இழை முழுமையடையாமல் இருக்கும். உட்கருவுக்குள் சென்றதும் அது முழுமையாக்கப்பட்டு மூடிய வட்டமாகிறது. அதிலிருந்து முழுநீள ஆர்.என்.ஏ எழுதப்படுகிறது, அந்த ஆர்.என்.ஏவிலிருந்து மீண்டும் டி.என்.ஏ எழுதப்படுகிறது. ஹெர்பிஸும் அடினோவும் டி.என்.ஏவிலிருந்து நேரே டி.என்.ஏவைப் படியெடுப்பவை; நடுவே ஆர்.என்.ஏ வழியாகச் செல்வது கிடையாது. ஆர்.என்.ஏவிலிருந்து டி.என்.ஏவை எழுதும் இந்த மீள்படியெடுப்பு எச்.ஐ.வி அடங்கிய ரெட்ரோ குடும்பத்தின் அடையாளம். எச்.ஐ.வி ஆர்.என்.ஏவில் தொடங்கி டி.என்.ஏ வழியாக ஆர்.என்.ஏவில் முடிகிறது, ஹெபடைடிஸ் பி டி.என்.ஏவில் தொடங்கி ஆர்.என்.ஏ வழியாக டி.என்.ஏவில் முடிகிறது. சுழற்சி ஒத்தது, துகளில் அடைபடும் கட்டம் மட்டுமே மாறுகிறது. எனவே எச்.ஐ.வி அடங்கிய ஆறாம் வகுப்பையும் ஹெபடைடிஸ் பி அடங்கிய ஏழாம் வகுப்பையும் அட்டவணையில் அடுத்தடுத்து வையுங்கள்.

இது வெறும் அடுக்கும் வசதிக்காகச் சொல்வதல்ல. லாமிவுடின், டெனோஃபோவிர் ஆகிய மருந்துகள் எச்.ஐ.வி, ஹெபடைடிஸ் பி இரண்டையும் கட்டுப்படுத்துகின்றன, ஏனெனில் இரண்டிலும் அவை குறிவைப்பது மீள்படியெடுக்கும் நொதியை. நோயின் பெயரை மட்டும் வைத்துச் சிந்திக்கும் மாணவருக்குக் கல்லீரல் நோய்க்கும் எய்ட்ஸுக்கும் ஒரே மருந்து என்பது வியப்பாக இருக்கும். மரபணுத்தொகுதியின் பத்தியைப் படித்தவருக்கு அது இயல்பாகத் தோன்றும். ஓர் எச்சரிக்கையும் இதிலிருந்தே பிறக்கிறது: ஹெபடைடிஸ் பி நோயாளிக்கு இத்தகைய மருந்தைத் தொடங்குமுன் எச்.ஐ.வி இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். இரண்டும் இருக்கும் ஒருவருக்கு ஒரே ஒரு மருந்தைக் கொடுத்தால், ஹெபடைடிஸ் குறையும் அதே வேளையில் எச்.ஐ.வி அந்த மருந்துக்கு எதிர்ப்பைப் பெற்றுவிடும்.

ஹெபடைடிஸ் டி எந்த வகுப்பிலும் எளிதில் அடங்காது. ஏறத்தாழ 1,700 நியூக்ளியோடைடுகள் (ஆர்.என்.ஏவின் எழுத்துகள்) மட்டுமே கொண்ட அதன் வட்ட ஆர்.என்.ஏ எதிர் இழையாகும், ஆனால் அது தனக்கென்று பாலிமரேஸ் எதையும் கொண்டுவருவதில்லை, செல்லின் ஆர்.என்.ஏ பாலிமரேஸையே பயன்படுத்திக்கொள்கிறது. எதிர் இழை வைரஸ்கள் நொதியைச் சுமக்கும் என்று முதல் மறுமொழியில் சொல்லப்பட்ட விதிக்கு இது ஒரு விலக்கு. உறைக்கான புரதத்தை ஹெபடைடிஸ் பி வைரஸிடமிருந்து பெறுவதால், பி இல்லாதவருக்கு டி தொற்று நிலைக்காது. பி தடுப்பூசி டியையும் தடுத்துவிடுகிறது. கோல்மியோவிரிடே என்ற தனிக் குடும்பத்தில் அதை வைத்திருக்கிறார்கள்.

பெயர் மாற்றங்களைப் பொறுத்தவரை, பன்னாட்டு வகைப்பாட்டுக் குழு மரபணு வரிசைகளை ஒப்பிட்டுத் தன் பட்டியலைத் தொடர்ந்து திருத்தி வருகிறது. ஆர்.எஸ்.வியும் மனித மெட்டாநிமோ வைரஸும் 2016இல் பாராமிக்ஸோவிரிடேயிலிருந்து பிரிந்து நிமோவிரிடே குடும்பமாயின. ருபெல்லாவின் இடம் அதற்குச் சில ஆண்டுகள் கழித்து மாறியது. அது கொசுவால் பரவாமல் மூச்சுவழி பரவும் வைரஸ். சிக்குன்குனியாவோடு ஒரே குடும்பத்தில் வைக்கப்பட்டிருந்தது கற்பிப்பவர்களுக்கு நெடுநாள் நெருடலாகவே இருந்தது. பழைய பன்யாவிரிடே குடும்பம் ஹான்டா, நைரோ, ஃபெனுய், பெரிபன்யா எனப் பல குடும்பங்களாகவும், ரோட்டா இருந்த ரியோவிரிடே இரண்டு குடும்பங்களாகவும் பிரிந்துவிட்டன. 2021இல் சிற்றினங்களுக்கு இருசொல் பெயர் கட்டாயமாக்கப்பட்டதால், தட்டம்மை வைரஸின் சிற்றினம் இப்போது மோர்பில்லிவைரஸ் ஹோமினிஸ் என்று எழுதப்படுகிறது. வைரஸின் வழக்குப் பெயர் மாறவில்லை.

பழைய குடும்பப் பெயரை அழித்துவிடாதீர்கள். புதிய பெயரை எழுதி, "முன்பு இன்ன குடும்பம்" என்று அதன் கீழே குறியுங்கள், ஏனெனில் நீங்கள் படிக்கப்போகும் பழைய கட்டுரைகள் எல்லாம் பழைய பெயரில்தான் இருக்கும். எந்த ஆண்டின் பட்டியலைப் பின்பற்றினீர்கள் என்பதையும் அட்டவணையின் தலைப்பில் எழுதிவிடுங்கள்.


மறுமொழி 4
பதிவிட்டவர்: ஈரிழை

ஹெபடைடிஸ் டி பற்றிய திருத்தத்துக்கு நன்றி; என் மறுமொழியில் "எல்லா" என்ற இடத்தை அவ்வாறே படித்துக்கொள்ள வேண்டுகிறேன்.

இதுவரை வந்த கருத்துகளைச் சேர்த்து, பத்திகளை இந்த வரிசையில் அமைக்கலாம்: பால்டிமோர் வகுப்பு, குடும்பமும் பேரினமும், மரபணுத்தொகுதியின் நீளமும் துண்டுகளும், உறை, பெருகும் இடம், இயற்கை இருப்பிடம், கடத்தும் உயிரி, மனிதர்களிடையே பரவும் வழி, நோய்கள், தடுப்பூசியும் மருந்தும். நீளத்தைக் குறிக்கும்போது கொரோனா குடும்பத்தை ஒருமுறை நின்று பாருங்கள். பிக்கோர்னா குடும்பத்தில் ஏறத்தாழ 7,000 முதல் 9,000 நியூக்ளியோடைடுகள் என்றால், கொரோனாவில் அது 30,000 அளவுக்கு நீள்கிறது. ஆர்.என்.ஏ பாலிமரேஸ்கள் பிழை மிகுந்தவை; இவ்வளவு நீளத்தைப் பிழையோடு படியெடுத்தால் வைரஸ் பிழைக்காது. கொரோனாவிடம் தவறாகச் சேர்ந்த எழுத்தை வெட்டி நீக்கும் இன்னொரு நொதி இருப்பதால்தான் அது சாத்தியமாகிறது. ரிபாவிரின் போன்று போலி எழுத்தாகப் படியில் நுழைந்து செயல்படும் சில மருந்துகள் அதனிடம் எடுபடாமல் போவதற்கு அந்த நொதியும் ஒரு காரணம் என்பதால், மருந்துப் பத்தியை நிரப்பும்போது நீளப் பத்தியையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.